ரைபிள் பித்தளைக் கூடுகளின் உட்கொள்ளளவை ஒப்பிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியிலிருந்து ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்குப் போய்க் குடியமர்ந்தவர்களில் இலக்குச் சுடுதலை விளையாட்டாகக் கொண்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். அங்கே உரிய உரிமத்தோடு, சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவது சட்டத்துக்கு உட்பட்ட பழக்கம். விடுமுறையில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வரும்போது அவர்கள் கேட்டவற்றையும், அவர்கள் சார்பில் இங்குள்ள பெற்றோர் கேட்டவற்றையும் சேர்த்து, கூட்டின் உட்கொள்ளளவை ஒப்பிடுவது பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஆய்வகத் தராசோடு நீண்ட காலம் பழகியவன் என்பதால் அளக்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன். எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு வெடிமருந்து (இனி மருந்து) என்ற கணக்கு இதில் இல்லை. அதற்கு மருந்து தயாரிப்பவர்களும் குண்டு தயாரிப்பவர்களும் சோதித்து வெளியிடும் கையேடுகளே ஆதாரம்.

உட்கொள்ளளவு என்று எதைச் சொல்கிறோம்? அதை ஏன் நீரின் எடையில் குறிக்கிறார்கள்?

கூட்டின் வாய் விளிம்புவரை உள்ளே இருக்கும் வெற்றிடத்தின் அளவே உட்கொள்ளளவு. அதை மில்லிலிட்டரிலும் சொல்லலாம். ஆனால் தோட்டா நிரப்புவோர் மருந்தையும் குண்டையும் கிரெயின் என்ற எடையலகில் நிறுப்பதால், வெற்றிடத்தையும் அது பிடிக்கும் நீரின் எடையாகக் கிரெயினிலேயே குறிக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. ஒரு கிராம் 15.43 கிரெயினுக்குச் சமம். .308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டாவின் கூடு ஒன்று ஏறத்தாழ 56 கிரெயின் நீர் பிடிக்கும் என்றால், அதன் உள்ளே சுமார் 3.6 மில்லிலிட்டர் இடம் இருக்கிறது என்று பொருள். இது நீரின் எடை மட்டுமே, மருந்தின் எடை அன்று. புதிதாகக் கற்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

வெளியளவு ஒன்றாக இருக்கும்போது உள்ளளவு மட்டும் எப்படி மாறும்?

தோட்டாக்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் சாமி (SAAMI) அமைப்பும் ஐரோப்பாவின் சி.ஐ.பி. (C.I.P.) அமைப்பும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் வெளிப்புற அளவுகளையும் அழுத்த வரம்பையும் வகுத்துவைத்திருக்கின்றன. கூடு எந்த சேம்பரிலும் (துப்பாக்கிக் குழலில் தோட்டா அமரும் அறை) பொருந்த வேண்டும் என்பதே அவற்றின் முதல் நோக்கம். சுவரின் பருமன் எவ்வளவு, அடிப்பகுதி எவ்வளவு கனமாக இருக்க வேண்டும், உட்சுவர் எந்தச் சாய்வில் மெலிய வேண்டும் என்பவை பெரும்பாலும் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டவை. வெளியே ஒரே அளவில் தெரியும் இரண்டு வெண்கலப் பானைகளில் கனமானதில் அரிசி குறைவாகப் பிடிப்பது போல, தடித்த சுவர் கொண்ட கூட்டில் இடம் குறைகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் மட்டுமல்லாமல், ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளுக்கு இடையிலும் இந்த வேறுபாடு உண்டு. கருவிகள் தேய்கின்றன, புதிய அச்சுகள் வருகின்றன, சில ஆண்டுகளில் வடிவமைப்பே மாறுகிறது. எனவே, "இந்த நிறுவனத்தின் கூடு இவ்வளவு பிடிக்கும்" என்று பத்தாண்டுக்கு முன் யாரோ எழுதிவைத்த எண்ணை இன்று கையில் இருக்கும் கூட்டுக்குப் பொருத்துவது தவறு.

காலிக் கூட்டின் எடையைப் பார்த்தே கொள்ளளவைச் சொல்லிவிட முடியாதா?

ஓரளவு ஊகிக்கலாம். கூடுகள் செய்யப்படும் பித்தளை 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்தது. அதன் அடர்த்தி நீரைப் போல எட்டரை மடங்கு. ஆகவே வெளியளவில் துல்லியமாக ஒன்றாக உள்ள இரண்டு கூடுகளில் ஒன்று எட்டரை கிரெயின் கனமாக இருந்தால், அது ஒரு கிரெயின் நீர் குறைவாகப் பிடிக்க வேண்டும். .308 கூடுகளில் இலேசானவை 155 கிரெயின் அளவிலும் கனமானவை 180 கிரெயின் அளவிலும் இருப்பதால், அவற்றுக்கிடையே ஏறக்குறைய மூன்று கிரெயின் கொள்ளளவு வேறுபாட்டை எதிர்பார்க்கலாம்.

ஆனால் "வெளியளவில் துல்லியமாக ஒன்றாக" என்ற நிபந்தனைதான் நடைமுறையில் நிறைவேறுவதில்லை. கூட்டை வெளியே இழுக்கும் கொக்கிக்காக அடியில் வெட்டப்படும் பள்ளம் ஒன்றில் ஆழமாகவும் மற்றொன்றில் ஆழம் குறைவாகவும் இருக்கும். விளிம்பின் பருமனும் மாறும். அந்தப் பித்தளை முழுவதும் வெளிப்புறத்தில் இருப்பதால் உள்ளே உள்ள இடத்தை அது தொடுவதே இல்லை. ஒரே தொகுதியில் வந்த கூடுகளை எடைவாரியாகப் பிரித்து, அவற்றைக் கொள்ளளவுவாரியாகப் பிரித்ததாக நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கிரெயின் எடை வேறுபாடு கொள்ளளவில் கால் கிரெயின்கூட இல்லை என்பதையும், அந்த இரண்டு கிரெயினும் விளிம்பிலேயே இருந்திருக்கக்கூடும் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். தொகுதிகளுக்கிடையே ஒரு முதல் எச்சரிக்கையாக எடை பயன்படும். இறுதித் தீர்ப்பை நீர்தான் சொல்ல வேண்டும்.

நீரால் அளக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

சுட்ட கூட்டை, அதன் பழைய பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உள்ளேயே இருக்கும்படி எடுத்துக்கொள்ள வேண்டும். வெடித்து முடிந்த அந்தப் பிரைமர்தான் அடியிலுள்ள பொறித்துளையை அடைத்து நீர் ஒழுகாமல் காக்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் கரியைத் துடைத்து, கூட்டை நன்றாகக் காயவைத்து, காலியாக ஒருமுறை நிறுக்க வேண்டும். பிறகு தராசுத் தட்டிலேயே நிற்கவைத்து நிரப்ப முயலாமல், வெளியே ஒரு சிறு தாங்கியில் நிறுத்தி, ஊசி நீக்கிய சிரிஞ்சாலோ மைபோடும் ஃபில்லராலோ காய்ச்சி வடித்த நீரை மெதுவாக ஊற்ற வேண்டும்.

கூடு குறுகிக் கழுத்தாகும் இடமான தோளுக்குக் கீழே காற்றுக்குமிழி சிக்கிக்கொள்வதுதான் அடிக்கடி நேரும் பிழை. வெளியிலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. கூட்டின் பக்கத்தை விரல்நகத்தால் இரண்டு மூன்று முறை தட்டினால் குமிழி மேலேறி, வாயில் நீர்மட்டம் சட்டென்று இறங்குவதைப் பார்க்கலாம். இறங்கிய அளவுக்கு மீண்டும் ஊற்ற வேண்டும். இனி வாய் விளிம்பில் நீர் எப்படி நிற்கிறது என்பதைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீர் விளிம்புக்கு மேலே குமிழாக உப்பி நின்றால் அதிகம், உள்ளே குழிந்திருந்தால் குறைவு. சன்னலைப் பார்த்தபடி கூட்டைப் பிடித்து, சன்னல் சட்டத்தின் நிழலுரு நீர்ப்பரப்பில் வளையாமல் நேராகத் தெரியும்வரை சிறு காகிதத் துண்டின் முனையால் நீரை உறிஞ்சி எடுப்பது எனக்குப் பழக்கமான வழி. நீரில் ஊசிமுனையளவு பாத்திரம் துலக்கும் திரவத்தைச் சேர்த்தால் பரப்பிழுவிசை குறைந்து மட்டம் பார்ப்பது எளிதாகும். ஆனால் ஒப்பிடும் எல்லாக் கூடுகளுக்கும் அதே நீரையே பயன்படுத்த வேண்டும்.

கடைசியாக வெளிப்பக்க ஈரத்தைத் துடைத்துவிட்டு நிறுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, காலி எடை 172.4 கிரெயினும் நீரோடு 227.9 கிரெயினும் இருந்தால், உட்கொள்ளளவு 55.5 கிரெயின். ஒரே கூட்டை மூன்று முறை காயவைத்து அளந்து பார்த்து, மூன்று விடைகளும் 0.1 அல்லது 0.2 கிரெயினுக்குள் வருகின்றனவா என்று சோதித்த பிறகே அடுத்த கூட்டுக்குப் போக வேண்டும். தன் கையின் பிழை எவ்வளவு என்று தெரியாதவர் கூட்டின் வேறுபாட்டைப் பற்றிப் பேச முடியாது.

சுட்ட கூட்டை அளப்பதா, டையில் அழுத்தியதை அளப்பதா, புதியதை அளப்பதா?

சுட்டு, சேம்பரின் வடிவத்துக்கு விரிந்து, டையில் (விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சு) இன்னும் அழுத்தப்படாத கூட்டையே அளக்க வேண்டும். காரணம் எளிது: அழுத்தம் உச்சத்தைத் தொடும் அந்தக் கணத்தில் கூடு சேம்பர் சுவரோடு ஒட்டி நிற்கிறது, வாயு நிரம்பும் உண்மையான இடம் அதுவே. புதிய கூடும், டையில் முழுவதுமாக அழுத்திய கூடும் சேம்பரைவிடச் சற்றுச் சிறியவையாக இருப்பதால் குறைவாகக் காட்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். மெல்பர்னில் இருக்கும் அண்ணன் தன் ரைபிளில் சுட்ட கூட்டையும், டொரொன்டோவில் இருக்கும் தம்பி தன் ரைபிளில் சுட்ட கூட்டையும் அளந்து ஒப்பிட்டால், அவர்கள் ஒப்பிடுவது கூடுகளை மட்டுமல்ல, இரண்டு சேம்பர்களையும்தான். இரண்டு நிறுவனக் கூடுகளில் எது பெரியது என்று அறிய விரும்பினால் இரண்டையும் ஒரே ரைபிளில் சுட்டு அளக்க வேண்டும்.

கூட்டின் நீளத்தை முதலில் சரிசெய்ய வேண்டுமா?

ஆம். சுடச் சுடக் கூட்டின் கழுத்து நீளும். நீண்ட கழுத்தில் அதிக நீர் நிற்கும். .308 கூட்டின் உச்ச நீளம் 2.015 அங்குலம்; டிரிம்மரில் வெட்டிக் கொண்டுவரும் நீளம் 2.005 அங்குலம். இவற்றுக்கிடையே இருக்கும் 0.010 அங்குலம் என்பது கால் மில்லிமீட்டர்தான். அந்தத் துண்டின் உள்ளே 0.308 அங்குல விட்டத்துக்கு நிற்கும் நீரைக் கணக்கிட்டால் 0.19 கிரெயின் வருகிறது. ஒரு தொகுதியில் வெட்டியதும் வெட்டாததும் கலந்திருந்தால், நாம் தேடும் வேறுபாட்டின் அளவுக்கே பொய்யான வேறுபாடு ஒன்று உள்ளே நுழைந்துவிடும் என்பதை இந்தச் சிறு கணக்கு காட்டுகிறது. எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, உள்விளிம்பின் பிசிறை நீக்கி, வெர்னியர் காலிப்பரால் சரிபார்த்த பிறகு அளக்க வேண்டும்.

இந்த முறையை நீலகிரியிலேயே கூடுகளைக் கொண்டு பழகிப் பார்க்கலாமா?

கூடுகளைக் கொண்டு வேண்டாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தோட்டாவின் பாகங்களையும் அதைச் செய்யும் இயந்திரங்களையும் "அம்யூனிஷன்" (ammunition) என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு உரிமமின்றி அவற்றைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தண்டனை மேலும் கடுமையாகியிருக்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம், தோட்டா நிரப்பும் உரிமம் ஆகாது. பாட்டனார் காலத்துப் பங்களாவின் பரணில் பழைய கூடுகள் கிடைத்தன என்று சிலர் சொல்வதுண்டு. அவற்றைக் கையில் வைத்துப் பார்ப்பதற்கு முன், உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்பதே முறை. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் போட்டு இரண்டு காலிக் கூடுகளைக் கொண்டுவருவதும் விமான நிலையத்தில் பெரும் சிக்கலில் முடியும்.

முறையைப் பழக ஒரு சிறிய ஹோமியோபதிக் குப்பியே போதும். மாத்திரை போட்டுத் தரும் குப்பிகளில் சிறிய வகை ஒன்று ஏறத்தாழ .308 கூட்டின் அளவே நீர் பிடிக்கும். வாயும் குறுகலாக இருக்கும். கண்ணாடி என்பதால் குமிழி எங்கே சிக்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஒரே பெட்டியில் வந்த பத்துக் குப்பிகளை அளந்து பார்த்தால், வெளியே ஒன்றுபோல் தோன்றுபவை உள்ளே எவ்வளவு வேறுபடுகின்றன என்பதும் விளங்கும். கையைப் பழக்கிக்கொண்டு போனால், அங்கே கூட்டை அளப்பது எளிது.

ஊட்டியின் குளிரும் உயரமும் அளவைப் பாதிக்குமா?

குளிர் பாதிக்கும், உயரம் ஏறக்குறைய பாதிக்காது. நீரின் அடர்த்தி 10 பாகை செல்சியஸில் மில்லிலிட்டருக்கு 0.9997 கிராம், 20 பாகையில் 0.9982, 35 பாகையில் 0.9940. சனவரிக் காலையில் ஊட்டி வீட்டுக்குள் அறை நீர் 10 பாகையை ஒட்டியிருக்கும்போது ஒரு குப்பியை அளந்து, அதே குப்பியை மே மாதப் பிற்பகலில் மேட்டுப்பாளையத்தில் அளந்தால், கண்ணாடி சற்று விரிவதைக் கழித்த பிறகும் விடைகள் அரை சதவீதம் அளவுக்கு விலகி நிற்கும். பித்தளை கண்ணாடியைவிட அதிகம் விரிவதால் கூட்டில் இந்த விலகல் கொஞ்சம் குறைவு; .308 அளவில் அது கால் கிரெயினை ஒட்டி வரும். கனடாவில் பனிக்காலத்தில் கார் ஷெட்டில் அளப்பவரும் ஆஸ்திரேலியாவில் கோடையில் அளப்பவரும் எண்களைப் பரிமாறிக்கொள்ளும்போது இது கட்டாயம் கவனிக்க வேண்டியது. நீரையும் கூட்டையும் ஒரே அறையில் சில மணி நேரம் வைத்திருந்து, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டால் போதும். இருவருடைய எண்களையும் 20 பாகைக்கு மாற்றி ஒப்பிடலாம்.

உயரத்தைப் பொறுத்தவரை, ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று இலேசானது, புவியீர்ப்பும் மிகச் சிறிதளவு குறைவு. சமவெளியில் சரிபார்த்த மின்னணுத் தராசை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் பத்தாயிரத்துக்கு ஐந்து பங்கு அளவில் குறைத்துக் காட்டக்கூடும். ஆனால் வந்த இடத்தில் சோதனை எடைக்கல்லை வைத்து மீண்டும் சரிசெய்துவிட்டால் அந்தப் பிழை மறைந்துவிடும். கல்லோடு கல்லை ஒப்பிடும் பழைய துலாக்கோல் தராசுக்கு இந்தக் கவலையே இல்லை. மலையில் உண்மையான தொல்லை தருவது ஈரம்தான். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும்; குளிர்ந்த உலோகத்தின் மீது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்து வந்த பொருளை உடனே நிறுத்தால் காலி எடை தவறும். வெளிநாட்டுக் குளிர் நாடுகளிலும் இதே நிலைதான்.

நீருக்குப் பதிலாக மணலோ எண்ணெயோ பயன்படுத்தலாமா?

வேண்டாம். மணல் தட்டத் தட்ட இறுகும், உட்சுவரைக் கீறும். எண்ணெயின் அடர்த்தி வகைக்கு வகை மாறும், துடைத்தாலும் போகாது.

அளந்த கூட்டைக் காயவைக்க அடுப்பருகே வைக்கலாமா?

வெயிலிலோ, கையால் தொடக்கூடிய இளஞ்சூட்டிலோ மட்டுமே காயவைக்க வேண்டும். மலையில் கணப்பு அடுப்பு மூட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதன் பக்கத்தில் எதையும் காயவைக்கத் தோன்றும். பித்தளை அதிகச் சூட்டில் இளகித் தன் வலிமையை இழக்கும். கழுத்து இளகினால் தீங்கில்லை. அதைத் திட்டமிட்டே செய்பவர்களும் உண்டு. ஆனால் அடிப்பகுதி இளகிவிட்டால், பல்லாயிரம் பவுண்டு அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடம் பலவீனமாகிவிடும். அப்படிப்பட்ட கூட்டை நசுக்கிப் பழைய பித்தளையோடு போட்டுவிட வேண்டும்.

எத்தனை கூடுகளை அளந்தால் போதும்?

ஒரே நிறுவனம், ஒரே தொகுதி, ஒரே எண்ணிக்கை முறை சுடப்பட்டவை என்றால் பத்து போதுமானது. சராசரியை மட்டும் குறிக்காமல், மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள இடைவெளியையும் குறிக்க வேண்டும். இரண்டு தொகுதிகளின் சராசரிகள் 0.3 கிரெயின் வேறுபட்டு, ஒவ்வொரு தொகுதிக்குள்ளேயும் 0.6 கிரெயின் இடைவெளி இருந்தால், அவை வேறுவேறானவை என்று சொல்ல ஆதாரம் போதாது. சராசரிகளுக்கிடையே 2 கிரெயின் இருந்தால் வாதமே வேண்டியதில்லை. நூறு கூட்டையும் நீர் ஊற்றி அளந்து அடுக்குவது பொறுமைக்குப் பெருமை சேர்க்கலாம். இலக்கில் அதன் பலன் தெரிவது அரிது என்பதே என் கருத்து. தொகுதிகளைக் கலக்காமல் வைத்திருப்பது அதைவிடப் பெரிய பலனைத் தரும்.

ஒரு கிரெயின் வேறுபாடு அப்படி என்ன செய்துவிடும்?

இங்கேதான் இந்தப் பொருளின் உயிர்நாடி இருக்கிறது. ஒரே அளவு மருந்தைச் சிறிய இடத்தில் எரித்தால் அழுத்தம் கூடும் என்பது யாவர்க்கும் தெரியும். ஆனால் புகையில்லா மருந்தின் எரிவேகமே அழுத்தத்தைப் பொறுத்தது: அழுத்தம் கூடினால் வேகமாக எரியும், வேகமாக எரிந்தால் அழுத்தம் மேலும் கூடும். அதனால் இடம் இரண்டு சதவீதம் குறைந்தால் அழுத்தம் அதைவிட அதிக விகிதத்தில் ஏறும். கனமில்லாத கூட்டில் உச்ச வரம்பை ஒட்டிப் பாதுகாப்பாக இருந்த மருந்தளவு, தடித்த கூட்டில் வரம்பைத் தாண்டிவிடக்கூடும். .308 தோட்டாவுக்கு சாமி வகுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதை ஒட்டி நிற்கும்போது விளையாடுவதற்கு இடமே இல்லை.

மறுபுறம், பெரிய கொள்ளளவால் கிடைக்கும் வேகம் மிகச் சொற்பம். ஒரே அழுத்தத்தில், கொள்ளளவு நான்கு சதவீதம் கூடினால் குண்டின் வேகம் ஒரு சதவீதம் கூடும் என்பது நெடுநாளாகப் புழங்கும் கைக்கணக்கு. 56 கிரெயினில் ஒரு கிரெயின் என்பது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. வேகத்தில் அரை சதவீதம்கூட வராது. இந்த அரை சதவீதத்துக்காகக் கூடு தேடி அலைபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. அளவிடுதலின் பயன் வேகத்தைக் கூட்டுவதில் இல்லை, கூட்டை மாற்றியதும் ஆபத்து வருகிறதா என்று முன்கூட்டி அறிவதில்தான் இருக்கிறது. நிறுவனத்தையோ தொகுதியையோ மாற்றினால், பழைய மருந்தளவை அப்படியே எடுத்துச்செல்லாமல், கையேட்டின் தொடக்க அளவுக்குத் திரும்பிப் படிப்படியாக வர வேண்டும். புதிய கூடு அதிகக் கொள்ளளவு காட்டினாலும் இதே ஒழுங்குதான். தட்டையான பிரைமர், இறுகித் திறக்கும் போல்ட் (சேம்பரைப் பின்புறம் மூடும் பாகம்), அடியில் பதியும் தழும்பு ஆகியவை அழுத்தம் மிகுந்துவிட்டதைக் காட்டும் குறிகள். ஆனால் அவை தாமதமாகவே தோன்றுபவை. குறி எதுவும் தோன்றவில்லை என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

ராணுவக் கூடுகள் எப்போதும் சிறிய கொள்ளளவு கொண்டவையா?

7.62×51 நேட்டோ கூடுகள் பொதுவாகத் தடித்தவை; .308 வணிகக் கூடுகளைவிட ஒன்றிரண்டு கிரெயின் குறைவாகப் பிடிப்பது வழக்கம். இந்திய ராணுவம் நெடுங்காலம் பயன்படுத்திய 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். ரைபிளுக்கும் இந்த வகைத் தோட்டாவே. ஆனால் 5.56 நேட்டோவுக்கும் .223 ரெமிங்டனுக்கும் இதே விதியை நீட்டிவிடுவது தவறு. அங்கே இரண்டும் 30 கிரெயினை ஒட்டியே நிற்கின்றன, சில வணிகக் கூடுகள் ராணுவக் கூடுகளைவிடக் குறைவாகவும் பிடிக்கின்றன. "ராணுவக் கூடு என்றால் மருந்தைக் குறை" என்று செவிவழியாக வரும் அறிவுரையைவிட, அடியில் பொறித்த எழுத்தைப் படித்துவிட்டுக் கூட்டை நீரால் அளப்பது மேல்.

பழைய காலத்துப் புகையில்லா மருந்தான கார்டைட் பற்றியும் சிலர் கேட்கிறார்கள், அருவங்காட்டுத் தொழிற்சாலையின் பெயரால் அந்தச் சொல் இம்மலைக்காரர்களுக்குப் பழக்கமானது என்பதால். .303 தோட்டாவில் கார்டைட் தூளாக இல்லாமல் நீண்ட இழைகளின் கட்டாக வைக்கப்பட்டது. கூட்டின் கழுத்தைக் குறுக்குவதற்கு முன்பே அந்தக் கட்டை உள்ளே வைத்து, பிறகுதான் கழுத்தை வடித்தார்கள். குறுகிய கழுத்து வழியாக நிரப்ப முடியாத வடிவத்தில் மருந்து இருந்தால் கூட்டின் தயாரிப்பு வரிசையே மாறிவிடும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. இன்றைய தோட்டா நிரப்பலோடு அதற்குத் தொடர்பில்லை.

வெவ்வேறு தோட்டாக்களின் கொள்ளளவை ஒப்பிட்டால் என்ன தெரியும்?

தோராயமாக, .223 ரெமிங்டன் 30 கிரெயினுக்குச் சற்றுக் குறைவு, 6.5 கிரீட்மோர் 53, .308 வின்செஸ்டர் 56, .303 பிரிட்டிஷ் 57, .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு 68, .375 ஹாலந்து அண்டு ஹாலந்து 95. .30-06 கூடு .308 கூட்டைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெரியது; ஆனால் மேலே சொன்ன கைக்கணக்கின்படி வேகத்தில் ஐந்து சதவீதத்தை ஒட்டிய ஆதாயமே வரும். அதுவும் இரண்டுக்கும் ஒரே அழுத்த வரம்பு என்று கொண்டால்தான்; .30-06 வரம்பு 60,000 பவுண்டு என்பதால் உண்மை ஆதாயம் அதிலும் குறைவு. 1906இல் வந்த பெரிய கூட்டின் வேலையை 1952இல் வந்த சிறிய கூடு பெரும்பாலும் செய்துவிட்டதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது. .303 கூடு .308ஐவிடச் சற்று அதிகம் பிடித்தாலும் அதன் அழுத்த வரம்பு மிகக் குறைவு; எனவே இரண்டு தோட்டாக்களைக் கொள்ளளவை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது.

கணினி மென்பொருள் கேட்கும் கொள்ளளவும், குண்டு பொருத்திய பின் இருக்கும் இடமும் ஒன்றா?

ஒன்றல்ல. அழுத்தத்தையும் வேகத்தையும் கணிக்கும் குவிக்லோட் போன்ற மென்பொருள்கள் கேட்பது வாய் விளிம்புவரை நிறைந்த கொள்ளளவை. குண்டு அடைத்துக்கொள்ளும் இடத்தை அவை தாமே கழித்துக்கொள்ளும். கையால் கணக்கிட்டால் இப்படி வரும்: 0.308 அங்குல விட்டமுள்ள தட்டை அடிக் குண்டு கூட்டுக்குள் 0.3 அங்குலம் இறங்கியிருந்தால், அது 5.65 கிரெயின் நீருக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 56 கிரெயின் கூட்டில் மருந்துக்கு மிஞ்சுவது 50.3 கிரெயின் நீரின் இடம். படகடி வடிவக் குண்டு என்றால் அடி குறுகுவதால் கழிவு சற்றுக் குறையும், ஆனால் அது வழக்கமாக இன்னும் ஆழமாக இறங்கும். குண்டை 0.05 அங்குலம் கூடுதலாக உள்ளே தள்ளினால் ஏறத்தாழ 0.94 கிரெயின் இடம் போய்விடும். கூட்டை மாற்றியதால் வரும் வேறுபாட்டுக்கு அது ஈடானது. கூட்டின் கொள்ளளவைக் கவனமாக அளந்துவிட்டு, குண்டு இறங்கும் ஆழத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதில் பொருளில்லை.

அளந்து பிரித்த கூடுகளை எப்படிப் பாதுகாப்பது?

ஈரத்தைவிட அம்மோனியாதான் பித்தளைக்குப் பெரும் எதிரி. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களை ஒட்டி வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குளிர்நிலையில் இழுத்து வடித்த பித்தளைக்குள் தங்கியிருக்கும் இறுக்கமும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஆவியும், மழைக்கால ஈரமும் சேர்ந்ததே காரணம் என்பது 1921இல் வெளியான ஆய்வில் தெளிவாயிற்று. யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் அடுக்கிய தேயிலைத் தோட்டக் கிடங்குகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த நெடி நினைவிருக்கும். வெளிநாட்டில் தோட்ட உரம் வைக்கும் கொட்டகையிலேயே கூடுகளையும் வைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷும் அதே காரணத்தால் ஆகாது. கழுத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு தெரிந்தால், அந்தக் கூட்டின் கொள்ளளவு எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் அதைக் கழித்துவிட வேண்டும்.

மூடியுள்ள பெட்டியில் தொகுதிவாரியாக வைத்து, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு போடுவது நல்லது. தயாரிப்பாளர், தொகுதி எண், எத்தனை முறை சுடப்பட்டது, வெட்டிய நீளம், எந்த ரைபிளில் சுட்டது, அளந்த கூடுகளின் எண்ணிக்கை, சராசரிக் கொள்ளளவு, பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள இடைவெளி, அளந்தபோது நீரின் வெப்பநிலை ஆகியவை அதில் இருக்க வேண்டும். பென்சிலால் எழுதினால் ஈரத்தில் அழியாது.